மாநாட்டுப் பிரதிநிதியைக் கட்டிப்போடலாமா, அவர் மனசாட்சிக்கு விடலாமா?

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரை பிரைமரி தேர்தல்தான் முடிவு செய்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பிரைமரியில் மக்கள் போடும் ஓட்டு, கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளில் யார் கணக்கில் எத்தனை பேர் என்று பங்கு பிரிக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிரதிநிதிகள் ஜூலையிலோ ஆகஸ்டிலோ கூடி ஓட்டுப் போட்ட பிறகுதான் ஒருவர் முறைப்படி வேட்பாளர் ஆகிறார். அப்படி ஓட்டுப் போடும்போது, யார் பெயரைச் சொல்லி வந்தாரோ அவருக்கே போட வேண்டும் என்று பிரதிநிதியைக் கட்டிப்போடுவதா, அல்லது பிரைமரி தொடங்கி மாநாடு வருவதற்குள் நிலைமை தலைகீழாக மாறிவிட்டால் தன் புத்திப்படி மாற்றிப் போட விடுவதா என்பதுதான் கேள்வி.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் (யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மாநாடு மறுபடி மறுபடி ஓட்டுப் போடும், அதில் முதலாவது) கட்டு வேண்டும், ஆனால் அதை எப்போது அவிழ்க்கலாம் என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பிரதிநிதி நாற்காலியில் உட்காரப்போகிறவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. அதைச் சரி செய்யாமல் கட்டலாமா வேண்டாமா என்று சண்டை போடுவதில் பாதி வீண்.

இந்த விவாதத்தில் கொள்கை பேசுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 2016 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் பெர்னி சாண்டர்ஸ் பின்தங்கியிருந்தார், அப்போது சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் பதவியின் பேரில் வரும் கட்சிப் பெரியவர்கள், தன் பக்கம் வர வேண்டும் என்று கேட்டார். 2020 பிப்ரவரியில் அவர் முன்னணியில் இருந்தார். லாஸ் வேகாஸ் விவாத மேடையில், அதிகப் பிரதிநிதிகளோடு வருகிறவருக்கே வாய்ப்பு தர வேண்டுமா என்று கேட்டபோது, தர வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான், மற்ற எல்லோரும் நடைமுறைப்படி நடக்கட்டும் என்றார்கள். 2024 ஜூலை 8 அன்று, விலகச் சொல்லி அழுத்தம் வந்தபோது, ஜோ பைடன் தன் கட்சி எம்.பி.க்களுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னதும் இதே ரகம்தான்: ஒரு கோடியே நாற்பது லட்சம் ஓட்டு, கிட்டத்தட்ட 3,900 பிரதிநிதிகள், இதை மாற்ற நீங்கள் யார்? முன்னால் இருப்பவருக்கு மக்கள் தீர்ப்பு, பின்னால் இருப்பவருக்கு மனசாட்சி. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஆனால் ஒரு விதியை எடைபோடும்போது இந்த வருஷம் அது யாருக்கு லாபம் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்க்கப் பழக வேண்டும்.

சரி, பழைய முறையிலிருந்து தொடங்கலாம். பிரதிநிதிக்கு முழுச் சுதந்திரம், பிரைமரி வெறும் பலப்பரீட்சை. 1952-ல் டென்னசி செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர் 12 பிரைமரிகளில் ஜெயித்துவிட்டு சிகாகோ மாநாட்டுக்கு வந்தார். மூன்றாவது சுற்றில் வேட்பாளரானவர் அட்லாய் ஸ்டீவன்சன், பிரைமரி களத்தில் இறங்காதவர். 1968-ல் இதே சிகாகோவில், ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களின் கூச்சல். அதற்குப் பிறகு அமைந்த மெக்கவர்ன்–ஃப்ரேசர் குழு தோண்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பிரதிநிதிகள் 1968 பிறப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதாவது போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சனை உலுக்குவதற்கு முன்பே, ஜான்சன் மறுபடி நிற்கமாட்டேன் என்று அறிவிப்பதற்கு முன்பே, ராபர்ட் கென்னடி களத்துக்கே வருவதற்கு முன்பே அந்த நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அப்படிப்பட்ட அரங்கத்தில் பிரதிநிதியின் மனசாட்சி என்று பேசினால், அவரைப் பொறுக்கி எடுத்த உள்ளூர் தலைவரின் மனசாட்சியைத்தான் பேசுகிறோம்.

இந்த முறைக்கும் வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. லிங்கன் 1860-ல் மூன்றாவது சுற்றில் வந்தவர், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932-ல் நான்காவது சுற்றில் வந்தவர், பேரம் பேசிய மாநாடுகள் மோசமான ஆட்களை மட்டுமா தந்தன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே மாநாடுகள் 1924-ல் 103 சுற்று ஓட்டுப் போட்டு ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுத்து, அவர் கூலிட்ஜிடம் படுதோல்வி அடைந்ததும் உண்டு. எப்படியிருந்தாலும் கோடிக்கணக்கானவர்களை வரிசையில் நிற்க வைத்து ஓட்டு வாங்கிய பிறகு, அது வெறும் கருத்துக் கேட்பு என்று இன்று எந்தக் கட்சியும் சொல்லித் தப்ப முடியாது. இந்த வழியை இதோடு விட்டுவிடுகிறேன்.

அடுத்தது முழுக் கட்டு. இதற்கு 1980-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. ஜனநாயகக் கட்சி அப்போது எஃப் 3 சி என்று ஒரு விதி வைத்திருந்தது. முதல் சுற்றில் பிரதிநிதி தான் உறுதி கொடுத்த வேட்பாளருக்கே போட வேண்டும், மாற்றிப் போட முயன்றால் அங்கேயே அவரை நீக்கிவிட்டு மாற்று ஆளை உட்கார வைக்கலாம். எதிர்த்தவர்கள் இதை ரோபோ விதி என்று கிண்டல் செய்தார்கள். ஜிம்மி கார்ட்டர் பதவியில் இருக்கும் அதிபர், எட்வர்ட் கென்னடி அவரை எதிர்த்து நிற்கிறார். ஈரானில் பிணைக்கைதிகள் பிடிபட்டது 1979 நவம்பரில். நாடே அதிபருக்குப் பின்னால் திரண்ட அந்தச் சூட்டில் தொடக்கப் பிரைமரிகளில் கார்ட்டர் வாரிச் சுருட்டினார். 1980 ஏப்ரலில் மீட்பு முயற்சி பாலைவனத்தில் தோற்று 8 வீரர்கள் இறந்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போனது, ஜூன் 3 அன்று கலிஃபோர்னியாவையும் நியூ ஜெர்சியையும் கென்னடி பிடித்தார், அப்புறம் கார்ட்டரின் தம்பி பில்லி லிபியாவிடம் பணம் வாங்கிய விவகாரம் வேறு. ஆகஸ்டில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடியபோது, பிப்ரவரியில் ஓட்டுப் போட்டவரிடம் மறுபடி கேட்டால் அதையே சொல்வாரா என்பது பெரிய கேள்விக்குறி.

கென்னடி தரப்பு நேராக கார்ட்டரை எதிர்த்து ஓட்டுக் கேட்டுப் பயனில்லை என்பதால் விதியை எதிர்த்து ஓட்டுக் கேட்டது. மாநாட்டைத் திறந்து விடுங்கள் என்பதுதான் முழக்கம். ஆகஸ்ட் 11 இரவு எண்ணிப் பார்த்தபோது விதியைக் காப்பாற்ற 1,936, நீக்க 1,390. அன்று இரவே கென்னடி போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரீகன் 44 மாநிலங்களை அள்ளினார்.

இதை வைத்து, பார்த்தீர்களா, கட்டு கட்சியைக் கவிழ்த்துவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கென்னடி நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, தவிர பிரைமரி மொத்தத்தில் ஜெயித்தவர் கார்ட்டர்தான். எனக்கு உறுத்துவது அந்த எண்ணிக்கைதான். விதியைப் பற்றிய ஓட்டும் வேட்பாளரைப் பற்றிய ஓட்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. விதி வேண்டும் என்றவர் கார்ட்டர் ஆள், வேண்டாம் என்றவரில் பெரும்பாலானோர் கென்னடி ஆள். விதியின் நியாயத்தைப் பற்றி அந்த அரங்கத்தில் யாரும் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

குடியரசுக் கட்சியின் கதை வேறு பாதையில் போகிறது, அங்கேதான் விஷயத்தின் வேர் தெரிகிறது. 2012 ஜனவரியில் அயோவா காகஸ். ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் கூடி, சீட்டில் பெயர் எழுதிப் போட்டார்கள். அன்று இரவு மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள், பிறகு எண்ணிக்கையைச் சரிபார்த்ததில் ரிக் சான்டோரம் 34 ஓட்டு முன்னால். ரான் பால் மூன்றாமிடம். ஆனால் சீட்டுப் போட்டதோடு கூட்டம் முடிவதில்லை. பலர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான், மாவட்ட அளவிலான கூட்டத்துக்கு யார் போவது என்று ஆள் தேர்ந்தெடுப்பார்கள். ரான் பாலின் ஆட்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்து கை தூக்கினார்கள். அங்கிருந்து அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம், கடைசியில் மாநில மாநாடு. ஆகஸ்டில் டாம்பா மாநாட்டில் அயோவாவின் 28 ஓட்டில் 22 ரான் பாலுக்கு விழுந்தது. ஜனவரியில் அயோவா மக்கள் மூன்றாமிடத்தில் வைத்தவருக்கு!

அவர்கள் விதியை மீறவில்லை, இருந்த விதிப்படி உழைத்தார்கள், அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு ஒருவகையில் மரியாதைதான். ஆனால் ஜனவரி இரவில் சீட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருடைய ஓட்டு காற்றில் போய்விட்டது. கட்சி அதே டாம்பாவில் விதியை மாற்றியது: மாநிலம் முழுக்க எடுத்த வாக்கெடுப்பின் முடிவு பிரதிநிதியைக் கட்டும், அவர் மாற்றிச் சொன்னாலும் மாநாட்டுச் செயலாளர் கட்டுப்படியே பதிவு செய்வார்.

நான்கு வருஷம் கழித்து 2016-ல் கிளீவ்லாந்தில் இந்த விதிதான் டிரம்புக்குக் கேடயம் ஆனது. பல மாநிலங்களில் டிரம்ப் கணக்கில் வந்த பிரதிநிதிகளில் நிறையப் பேர் உள்ளுக்குள் அவருடைய போட்டியாளர் டெட் க்ரூஸின் ஆட்கள், ஏனென்றால் கணக்கைப் பிரித்தது பிரைமரி, ஆளைத் தேர்ந்தெடுத்தது கட்சி மாநாடு. கொலராடோ பிரதிநிதி கெண்டல் அன்ரூ, பிரதிநிதிகளின் கட்டை அவிழ்க்கும் மனசாட்சி விதி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார். 112 பேர் கொண்ட விதிகள் குழுவில் 28 பேர் கையெழுத்திட்டால் அது முழு மாநாட்டின் முன் வந்திருக்கும், கிடைக்கவில்லை. ஜூலை 18 அன்று அரங்கத்தில் விதிகளுக்குக் குரல் வாக்கெடுப்பு நடந்தது. பெயர் கூப்பிட்டு எண்ணுங்கள் என்று ஒரு பக்கம் கத்த, மேடையிலிருந்த அர்கன்சாஸ் எம்.பி. ஸ்டீவ் வோமாக் ஆம் தரப்பே ஜெயித்தது என்றார். எண்ணிக்கை கேட்டு மனு கொடுத்த மாநிலங்களில் மூன்று பின்வாங்கிவிட்டதால் மனு செல்லாது என்றார். கொலராடோ அணி எழுந்து வெளியே போனது.

மறுநாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிடுகிறார்கள். அலாஸ்கா எழுந்து க்ரூஸுக்கு 12, டிரம்புக்கு 11, ரூபியோவுக்கு 5 என்கிறது. மேடையில் 28-ம் டிரம்புக்கு என்று பதிகிறார்கள். தலைநகர் வாஷிங்டன் அணி ரூபியோ 10, கேசிக் 9 என்றது, 19-ம் டிரம்புக்கே. விலகிய வேட்பாளர்களின் பங்கு உள்ளூர்க் கட்சி விதிப்படி களத்தில் நிற்பவருக்குப் போய்ச் சேரும் என்பது விளக்கம். விதிப்படி சரியாகவே இருக்கட்டும். டிரம்புக்குத் தேவை 1,237, அவர் வாங்கியது 1,725, இந்த ஓட்டுகளைக் கழித்தாலும் அவர்தான் வேட்பாளர். அப்படியிருக்க, ஓர் ஆள் எழுந்து நின்று மைக்கில் தன் ஓட்டைச் சொல்லும்போது அவர் முகத்துக்கு நேராக வேறொன்றை எழுதிக்கொள்வதற்கு என்ன தேவை? முழுக்கட்டுதான் வேண்டும் என்றால் அதற்கு நேர்மையான வழி, ஆட்களையே அழைக்காமல் மாநிலவாரியாகக் கணக்கை அறிவித்துவிடுவது. வாயைக் கட்டிய கிளியிடம் சீட்டு எடுக்கச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது வழி, ஜனநாயகக் கட்சி இன்று வைத்திருப்பது. 1980-ல் அடிபட்ட பிறகு, வட கரோலினா ஆளுநர் ஜேம்ஸ் ஹன்ட் தலைமையில் அமைந்த குழு 1982-ல் ரோபோ விதியைத் தூக்கிவிட்டு, தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தைப் பிரதிநிதி நல்ல மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்கிற வாசகத்தை வைத்தது. அதே கையோடு சூப்பர் டெலிகேட்டுகளையும் கொண்டுவந்தது. 2016 சண்டைக்குப் பிறகு, 2018-ல் அவர்களை முதல் சுற்றிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள், முடிவு ஏற்கெனவே உறுதி என்றால் மட்டும் போடலாம்.

படித்தால் அழகான வாசகம்தான். யாருடைய எண்ணம், பிப்ரவரியில் இருந்ததா ஆகஸ்டில் இருப்பதா? யார் அதை அளப்பது? வாசகம் அதையெல்லாம் பிரதிநிதியிடமே விட்டுவிடுகிறது. ஆனால் இவ்வளவு தளர்வாக இருந்தும் ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகள் கூட்டமாக வேறு வேட்பாளரிடம் தாவியதில்லை, காரணம் மனசாட்சி அல்ல. அங்கே பிரதிநிதிப் பட்டியலை வேட்பாளரின் அலுவலகம் சரிபார்த்து, நம்பமுடியாத பெயர்களை அடித்துவிட முடியும். 2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறிய பிறகு, பிரதிநிதிகள் சட்டப்படி கட்டுப்பட்டவர்களா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் அவர் ஜூலை 21 அன்று தானாக விலகும் வரை அந்தப் பிரதிநிதிகளிடமிருந்து பெரிய கலகம் எதுவும் கிளம்பவில்லை, அழுத்தம் வந்ததெல்லாம் எம்.பி.க்களிடமிருந்தும் நன்கொடை தருபவர்களிடமிருந்தும்தான். அவர் விலகி கமலா ஹாரிஸை ஆதரித்த மறுநாளே தேவையான 1,976-க்கு மேல் பிரதிநிதிகள் ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள். மன்னார்குடி பக்கம் ஹாரிஸின் தாய்வழி மூதாதையர் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியவர்களுக்கு அது சந்தோஷச் செய்தி, ஆனால் அந்த வருஷப் பிரைமரியில் அதிபர் வேட்பாளராக ஹாரிஸ் போட்டியிடவே இல்லை என்பதும் உண்மை.

ஆக, இரண்டு கட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. குடியரசுக் கட்சி ஆளை ஒரு வழியிலும் கணக்கை இன்னொரு வழியிலும் தேர்ந்தெடுப்பதால் கயிறு இறுக்கமாகத் தேவைப்படுகிறது. ஜனநாயகக் கட்சியில் வேட்பாளரே தன் ஆட்களைப் பார்த்து எடுப்பதால் கயிறு தளர்வாக இருந்தும் யாரும் ஓடவில்லை. வேட்பாளருக்குத் தன் பிரதிநிதிகள் மேல் ஒப்புதல் உரிமை கொடுத்துவிட்டால், குடியரசுக் கட்சிக்கும் அலாஸ்கா மாதிரிக் காட்சிகள் தேவைப்படாது. இதற்கு ஒரு விலை உண்டு: எல்லோரும் விசுவாசிகள் என்றால், வேட்பாளருக்கு உண்மையிலேயே புத்தி சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல ஆள் இருக்காது. 2024 ஜூலையின் அந்த மூன்று வாரங்களே அதற்குச் சாட்சி.

இன்னொரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். கட்டு என்பது வேட்பாளர் தேர்வு ஓட்டுக்கு மட்டும்தான். விதிகள், யார் பிரதிநிதி என்ற தகராறுகள், கட்சி அறிக்கை, இவற்றில் எல்லோரும் சுதந்திரப் பறவைகள். 1976-ல் கான்சஸ் சிட்டியில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், அதிபர் ஃபோர்டை எதிர்த்து நின்ற ரீகன் தரப்பு இதைத்தான் பயன்படுத்தப் பார்த்தது. ரீகன் முன்கூட்டியே ரிச்சர்ட் ஷ்வைக்கரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்துவிட்டு, ஃபோர்டும் அப்படியே முன்பே பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று 16 சி என்றொரு விதித் திருத்தம் கொண்டுவந்தார். ஃபோர்டுக்குக் கட்டுப்பட்டு, மனசில் ரீகனை வைத்திருந்தவர்கள் அந்த ஓட்டில் தாராளமாகப் போடலாம். 1,180-க்கு 1,069 என்று தோற்றது, ஃபோர்ட் கடைசியில் 1,187-க்கு 1,070 என்று தப்பித்தார். பெரும்பான்மை ஒன்று திரண்டால் எந்தக் கட்டையும் கட்டுப்பட்டவர்களே அவிழ்த்துவிட முடியும் என்றால் அந்தக் கட்டு எவ்வளவு உறுதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் தேர்ந்தெடுப்பது இது. முதல் சுற்றில் கட்டு. வேட்பாளர் விலகினாலோ இறந்தாலோ தானாக விடுதலை. இவை இரண்டும் இல்லாமல் கட்டை அவிழ்க்க வேண்டும் என்றால் மாநாட்டின் மூன்றில் இரண்டு பங்கு. பாதிக்கு மேல் போதும் என்று வைத்தால் 1980 மாதிரி அது இன்னொரு வேட்பாளர் ஓட்டாகத்தான் முடியும். மூன்றில் இரண்டு என்றால் முன்னணியில் இருப்பவரின் சொந்த ஆட்களே கணிசமாக மனம் மாற வேண்டும், அந்த அளவுக்குப் போனால் அங்கே நிஜமாகவே ஏதோ கெட்டுவிட்டது என்று நம்பலாம். இந்தக் கணக்கில் கார்ட்டரை யாரும் அசைத்திருக்க முடியாது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாற்றிப் போட்ட பிரதிநிதியின் ஓட்டைத் திருத்தி எழுதாமல், செல்லாத ஓட்டு என்று வைத்துவிட்டு மாற்று ஆளைப் போடச் சொல்லலாம்.

இதை மாநிலச் சட்டமாகப் போடுவதற்கு நான் எதிர்ப்பு. வர்ஜீனியாவில் அப்படி ஒரு சட்டம் இருந்தது, பிரைமரியில் முதலில் வந்தவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் போட வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். டிரம்ப் அங்கே வாங்கியது 49-ல் 17 தான். அவருக்குப் போடமாட்டேன் என்று ஒரு பிரதிநிதி வழக்குத் தொடுத்து, 2016 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்களை மாநிலம் கட்டிப்போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நடப்பது அரசுக் காரியம், கட்சி மாநாடு கட்சியின் காரியம்.

என் யோசனையிலும் அந்தப் பழைய ஓட்டை இருக்கிறது. மூன்றில் இரண்டு என்கிற விதியையே மாநாடு தொடங்கும்போது சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றிவிட முடியும். முழுசாக அடைக்க முடியாது, அந்த மாற்றத்துக்கும் அதே மூன்றில் இரண்டு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் ஓரளவு தாங்கும். 2028-ல் இரண்டு கட்சியிலும் மறுபடி நிற்கும் அதிபர் கிடையாது, யார் முன்னணிக்கு வருவார் என்று எவருக்கும் தெரியாது. விதிகள் குழுக்கள் இதை எழுத வேண்டியது அப்போதுதான், முதல் பிரைமரி நடந்து ஒருவர் நூறு பிரதிநிதி முன்னால் போன பிறகு இல்லை.